மலையேற்றத்தில் நின்றுபோகும் மின்சைக்கிள்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கொழும்பில் மின்மோட்டர் பூட்டிய மலைச் சைக்கிள் வைத்திருப்போரில் பெரும்பாலானோரின் வண்டிகள் வார நாட்களில் வெள்ளவத்தை மரைன் டிரைவிலும் தியவன்னா ஓயாவைச் சுற்றியும் ஓடுகின்றன. நீண்ட விடுமுறை வந்தால்தான் அவை வான் வண்டியில் ஏற்றப்பட்டு ஹட்டனுக்கோ ஹப்புத்தளைக்கோ பண்டாரவளைக்கோ போய்ச் சேர்கின்றன. சமதரையில் மோட்டர் அரைகுறையாகவே உழைப்பதால் வண்டியின் குறைகள் அங்கே வெளிப்படுவதில்லை. முதலாவது தேயிலைத் தோட்ட ஏற்றத்தில், எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக ஏறிக்கொண்டிருக்கும் வேளையில், அவை ஒன்றாகத் தலைகாட்டுகின்றன. நண்பர்களின் வண்டிகளில் ஒரே வகைக் கோளாறுகளைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்ததன் விளைவே இந்த வழிமுறை. “மோட்டர் போய்விட்டது” என்று என்னிடம் கொண்டுவரப்பட்ட வண்டிகளில் பெரும்பாலானவற்றின் மோட்டர் நலமாகவே இருந்தது. பழுது ஒரு காந்தத்திலோ, பூட்டிலோ, அழுக்கேறிய தொடுமுனையிலோ இருந்தது. ஆகவே ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணத்தை முதலிலும் செலவு மிகுந்ததைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அந்த வரிசையை மீறாமல் பாருங்கள்.

தொடங்குமுன் இரண்டு விடயங்கள். செயின், மோட்டர், சில்லு ஆகியவற்றின் அருகே கை வைக்குமுன் வண்டியை அணைத்துப் பற்றரியைக் கழற்றிவிட வேண்டும். பெடல் தற்செயலாக அழுத்தப்பட்டால் மோட்டர் விரலுக்காகக் காத்திருக்காது. பற்றரிப் பெட்டியையும் மோட்டர் உறையையும் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. மற்றபடி அலன் கீ தொகுதி, செயின் கழற்றி, அறுந்த செயினை இணைக்கும் மாஸ்டர் லிங்க், உலர்ந்த துணி, பழைய பல் தூரிகை, டயர் அடைப்பான், பம்பு ஆகியவை பையில் இருந்தால் வழியில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதியைச் சமாளிக்கலாம்.

குழுவாகப் போவதில் ஓர் அனுகூலம் உண்டு. ஒரே மாதிரி வண்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கூட வந்தால், பற்றரியையும் சார்ஜரையும் மாற்றிப் போட்டுப் பார்த்து, பழுது எந்தப் பக்கம் இருக்கிறதென்று சில நிமிடங்களில் பிரித்துவிடலாம். பட்டறையில் முதலில் செய்வதும் இதுதான். தயாரிப்பும் மாதிரியும் வோல்ட் அளவும் ஒன்றாக இருந்தால் மட்டுமே இதைச் செய்ய வேண்டும்; பெட்டிக்குள் பொருந்துகிறது என்பதற்காக வேறு வண்டியின் பற்றரியைச் செருகுவது ஆபத்தானது.

அறிகுறி 1: பொத்தானை அழுத்தியும் வண்டி உயிர்பெறவில்லை

வானிலிருந்து இறக்கியதும் இப்படி நேர்ந்தால், பற்றரி சரியாக அமராததே காரணமாக இருக்கக்கூடும். அதைக் கழற்றி, “கிளிக்” என்ற ஒலி கேட்கும்வரை மீண்டும் அழுத்திப் பொருத்திச் சாவியைத் திருப்புங்கள். அப்படியும் எழாவிட்டால் பற்றரியிலேயே உள்ள பொத்தானை அழுத்தி அதன் சிறு விளக்குகளைக் கவனியுங்கள்.

*பற்றரி விளக்கு எரிகிறது, திரை எரியவில்லை என்றால்:* பற்றரியில் மின்சாரம் இருக்கிறது. அது வண்டிக்குள் போகவில்லை. பற்றரி அமரும் தண்டவாளத்தின் அடியில் உள்ள செப்பு நிறத் தொடுமுனைகளை டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். கடற்காற்றுப் படும் வீட்டின் பால்கனியில் நிறுத்தப்படும் வண்டிகளில் அந்த முனைகளின் ஓரத்தில் பச்சை கலந்த வெண்ணிறப் படலம் படிந்திருக்கும். பற்றரி கழற்றப்பட்ட நிலையில் அதை உலர்ந்த பல் தூரிகையால் தேய்த்துத் துணியால் துடைத்தாலே பல வண்டிகள் விழித்துக்கொள்ளும். மணல் தாளால் உரசாதீர்கள். மேற்பூச்சுப் போய்விட்டால் அடுத்த மழைக்காலத்தில் அரிப்பு இருமடங்காகும். கழற்றி மாட்டும் வகைத் திரையாக இருந்தால் அது அமரும் தட்டில் உள்ள முனைகளையும் இவ்வாறே துடைக்க வேண்டும், ஏனெனில் வியர்வையும் மழைநீரும் முதலில் சேருமிடம் அதுவே.

*பற்றரி விளக்கும் எரியவில்லை என்றால்:* மாதக்கணக்கில் ஓட்டாமல் வைத்திருந்த பற்றரிகள் தம்மைக் காத்துக்கொள்ள ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய்விடுவதுண்டு. சார்ஜரில் சிறிது நேரம் இணைத்து வைத்தால் அவை விழிக்கும். சார்ஜருக்கும் பதில் இல்லையென்றால் ஆறாம் அறிகுறிக்குச் செல்லுங்கள்.

மல்டிமீற்றர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சில்லுக்குள்ளேயே மோட்டர் கொண்ட எளிய வண்டிகளில் 36 வோல்ட் பற்றரி முழுமையாக ஏறியிருந்தால் 42 வோல்டுக்கு அண்மித்த அளவைக் காட்டும். ஆனால் பெரிய நிறுவனங்களின் பல பற்றரிகள் வண்டியோடு பேசாதவரை முனைகளில் மின்சாரத்தை வெளிவிடுவதில்லை. அங்கே சுழியம் காட்டினால் பற்றரி செத்துவிட்டதென்று பொருளில்லை. அளக்கும் முனைகள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் நேரும் தீப்பொறியும் சிறியதன்று.

நண்பரின் பற்றரியைப் போட்டும் வண்டி எழாவிட்டால் பழுது வயரிங்கிலோ கட்டுப்பாட்டுப் பலகையிலோ இருக்கிறது. அது பட்டறை வேலை.

அறிகுறி 2: திரை எரிகிறது, ஆனால் மோட்டர் தள்ளவில்லை

மலைப் பயணங்களில் நான் மிக அதிகமாகப் பார்ப்பது இதைத்தான். இது எப்போது தொடங்கியது என்ற கேள்விக்கு நேர்மையான பதில் கிடைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

*சில்லைக் கழற்றிப் பூட்டிய பிறகு தொடங்கியிருந்தால்:* பின்சில்லில் உள்ள வேகம் உணரும் காந்தத்தைப் பாருங்கள். சில வண்டிகளில் அது சில்லுக் கம்பி ஒன்றில் திருகப்பட்டிருக்கும். சிலவற்றில் பிரேக் டிஸ்க்கோடு சேர்ந்திருக்கும். பஞ்சர் ஒட்டும்போது சில்லைக் கையால் பிடித்து டயரை இழுக்கையில் கம்பிக் காந்தம் சற்றே சுழன்று முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்ளும். அல்லது கம்பி வழியே கீழிறங்கி, சட்டத்தில் உள்ள உணரியின் குறியைத் தாண்டிப் போய்விடும். சில்லைக் கையால் மெதுவாகச் சுற்றி, காந்தம் உணரியின் கோட்டுக்கு நேராகக் கடக்கிறதா என்று பாருங்கள். மோட்டர் தயாரிக்கும் பொஷ் நிறுவனத்தின் கையேடு கம்பிக் காந்தத்துக்கு 5 மில்லிமீற்றருக்குக் குறையாமலும் 17 மில்லிமீற்றருக்கு மேற்படாமலும் இடைவெளி கேட்கிறது. சுண்டுவிரல் நுனி நுழையும் இடம் என்று வைத்துக்கொள்ளலாம். பொஷ் திரையில் 503 என்ற எண்ணோ, இன்னொரு மோட்டர் நிறுவனமான ஷிமானோவின் திரையில் டபிள்யூ011 என்ற குறியோ தெரிந்தால் இந்த வேக உணரியையே அவை சுட்டுகின்றன. காந்தத்தை நேராக்கித் திருகாணியை இறுக்கி வண்டியை ஒருமுறை அணைத்து ஏற்றினால் பெரும்பாலும் பிழை மறையும். மறையாவிட்டால் உணரியின் வயர் பின்சட்டத்தில் கல்லடி பட்டு நசுங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

காந்தம் எங்கோ தேயிலைச் செடிகளுக்கிடையே விழுந்து தொலைந்துபோனால், அன்றைய பயணத்துக்குச் சாதாரண சைக்கிள் வேகமானியின் காந்தம் ஒன்று உதவக்கூடும். பையில் ஒன்று கிடப்பது நல்லது.

*ஏற்றத்தின் நடுவே நின்று, வண்டியை மீண்டும் இயக்கிய பிறகு தொடங்கியிருந்தால்:* பெடலில் ஒரு காலை அழுத்தி ஊன்றியபடியே பொத்தானை அழுத்தியிருப்பீர்கள். வண்டி விழிக்கும் கணத்தில் பெடல் விசையை அளக்கும் உணரி தன் சுழியப் புள்ளியைக் கணக்கிடுகிறது. அந்நேரம் கால் அழுத்தம் இருந்தால் கணக்குப் பிழைத்து மோட்டர் தயங்கித் தள்ளும், அல்லது தள்ளவே தள்ளாது. ஷிமானோவில் டபிள்யூ013 என்ற குறி இதையே சொல்கிறது. இரண்டு கால்களையும் நிலத்தில் வைத்து, பிரேக்கைப் பிடித்து, அணைத்து மீண்டும் ஏற்றுங்கள். சரிவில் நிற்கும்போது கால் தானாகவே பெடலுக்குப் போய்விடுவதால் இது புதியவர்களுக்கு மட்டும் நேர்வதன்று.

*சமதரையில் வேகமெடுத்ததும் நின்றுவிடுகிறது என்றால்:* அது பழுதன்று. ஐரோப்பிய விதிப்படி செய்யப்பட்ட வண்டிகளில் மணிக்கு 25 கிலோமீற்றருக்கு மேல் மோட்டர் உதவாது. அமெரிக்கச் சந்தைக்கான பல வண்டிகளில் அந்த எல்லை 32 கிலோமீற்றர். இரண்டு வகையும் இங்கே ஓடுவதால், ஒரே குழுவில் ஒருவருடைய வண்டி நின்றுபோவதாகவும் மற்றவருடையது தொடர்வதாகவும் தோன்றும்.

*பிரேக் பிடியில் மோட்டரை நிறுத்தும் சுவிட்ச் உள்ள வண்டி என்றால்:* வண்டி விழுந்து எழுந்த பிறகு பிடி முழுமையாகத் திரும்பாமல் நின்றுவிட்டால், நீங்கள் பிரேக் பிடித்திருப்பதாகவே வண்டி கருதும். பிடியை விரலால் வெளிப்பக்கம் தள்ளிப் பாருங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் பிறகும் அதே எண் திரும்பி வந்தால் அந்த எண்ணைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். விசை உணரி மோட்டருக்குள்ளேயே இருக்கும் வண்டிகளில் அதை வெளியிலிருந்து மாற்ற இயலாது.

அறிகுறி 3: ஏற ஏறச் சக்தி குறைகிறது

அடிவாரத்தில் நன்றாகத் தள்ளிய மோட்டர் நெடிய ஏற்றத்தின் மேற்பாதியில் சோர்ந்துவிடுகிறது. சிறிது நேரம் நின்றால் மீண்டும் தெம்பு வருகிறது. மோட்டர் சூடேறித் தன்னைக் காத்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. நடு மோட்டர் (பெடல் அச்சருகே அமைந்த மோட்டர்) கொண்ட வண்டியில் காரணம் ஓட்டுபவரின் காலில்தான் இருக்கிறது. கனமான கியரில், பெடல் மிக மெதுவாகச் சுழலும்படி, டர்போ எனப்படும் உச்ச உதவி நிலையில் ஏறினால் மின்சாரத்தின் கணிசமான பங்கு வெப்பமாகவே போய்விடும். இலகுவான கியருக்கு இறங்கி, பெடலை நிமிடத்துக்கு 70 சுற்றுக்குக் குறையாமல் சுழற்றி, உதவி நிலையை ஒரு படி குறைத்தால் அதே ஏற்றத்தை அதே நேரத்தில் மோட்டர் சூடாகாமல் ஏறிவிடலாம். தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட் காட்சிமுனைக்கு ஏறும் ஏறத்தாழ 7 கிலோமீற்றர் பாதை இதைப் பழகுவதற்கு ஏற்ற இடம். அங்கே டர்போவில் தொடங்குபவர்களை மேலே போகும்போது வழியில் சந்திக்கலாம்.

சில்லுக்குள்ளேயே மோட்டர் உள்ள வண்டியில் இந்த உபாயம் அவ்வளவாகப் பலிக்காது, ஏனெனில் அதன் சுழற்சி சில்லின் வேகத்தோடு கட்டுண்டது. கியர் மாற்றினாலும் மோட்டருக்கு இலகுவாகாது. நடைவேகத்துக்குக் கீழே போகும் செங்குத்தில் இறங்கித் தள்ளுவதே அந்த மோட்டருக்குச் செய்யும் உபகாரம். மோட்டர் உறையில் கையை வைக்க முடியாத அளவு சூடிருந்தால் நிழலில் நிறுத்துங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

மோட்டர் சூடாகவில்லை, ஆனால் பற்றரி 20 சதவீதத்துக்குக் கீழ் இறங்கிய பிறகு மட்டும் சோர்கிறது என்றால், சுமையின்கீழ் பற்றரியின் அழுத்தம் சரிகிறது என்று பொருள். புதிய பற்றரியிலும் ஓரளவுக்கு இது உண்டு. 40, 50 சதவீதம் காட்டும்போதே இப்படி ஆகி, திரையின் அளவு சடாரென்று ஒற்றை இலக்கத்துக்கு விழுகிறதென்றால் பற்றரிக்குள் ஒரு மின்கல வரிசை முதுமையடைந்துவிட்டது. நண்பரின் பற்றரியை மாற்றிப் போட்டு அதே ஏற்றத்தை ஏறிப் பாருங்கள். கோளாறு அந்தப் பற்றரியோடு போய்விட்டால், உங்கள் பற்றரியைச் சோதித்து அதன் மிஞ்சிய கொள்ளளவை எழுத்தில் தரும் பட்டறையை நாடுங்கள்.

அறிகுறி 4: குண்டும் குழியுமான பாதையில் திடீரென அணைந்துபோகிறது

கருங்கல் பதித்த தோட்டப் பாதைகள் இதற்குப் பேர்போனவை. வண்டியை நிறுத்தி, அணைத்து, பற்றரியை இரு கைகளாலும் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பூட்டுத் தகட்டின் திருகாணிகள் தளர்ந்திருக்கின்றன. பெரும்பாலான வண்டிகளில் அலன் கீயால் அவற்றை இறுக்கலாம். அந்த இடத்தில் இறுக்க இயலாவிட்டால் பற்றரியையும் சட்டத்தையும் சேர்த்து ஒரு பட்டியால் கட்டிக்கொண்டு மெதுவாக வீடு திரும்புங்கள். ஆட்டம் இல்லாவிட்டால் கைப்பிடியை முழுமையாக இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் திரை இமைத்தால், கைப்பிடியிலிருந்து சட்டத்துக்குள் போகும் வயர் இழுபட்டிருக்கிறது. உருகிக் கறுத்த தொடுமுனையோ கருகிய வாடையோ இருந்தால் அதற்குமேல் ஓட்டக் கூடாது. பற்றரியைக் கழற்றித் தனியே வைத்து, வண்டியைப் பட்டா லொறியில் ஏற்றுங்கள்.

அறிகுறி 5: பற்றரி எதிர்பார்த்த தூரம் வரவில்லை

கொழும்பில் 80 கிலோமீற்றர் ஓடும் பற்றரி மலையில் 30 கிலோமீற்றரில் தீர்ந்துவிட்டதென்று முறையிடுவோருக்கு நான் முதலில் ஒரு கணக்கைத்தான் காட்டுவேன். வண்டியும் ஆளும் பையுமாக 110 கிலோ எடையை அவிசாவளையிலிருந்து ஹட்டன் உயரத்துக்கு, அதாவது 1,200 மீற்றருக்கு மேல், உயர்த்துவதற்கே ஏறத்தாழ 360 வாட் மணி (பற்றரியின் கொள்ளளவை அளக்கும் அலகு) வேண்டும். உங்கள் கால்கள் அதில் ஒரு பங்கைத் தரும். மோட்டரின் இழப்பு இன்னொரு பங்கைத் தின்னும். 500 வாட் மணிப் பற்றரி அங்கே போய்ச் சேரும்போது களைத்திருப்பது இயல்பே. மலையில் திட்டமிட வேண்டியது தூரத்தை அன்று, ஏறும் உயரத்தை.

கணக்குக்கும் மேலாகத் தீர்கிறதென்றால் டயர் காற்றைப் பாருங்கள். பிறகு சில்லைத் தூக்கிச் சுழற்றி, பிரேக் பேட் உரசுகிறதா என்று கேளுங்கள். இவ்விரண்டும் சரியென்றால் பற்றரியின் வயது. ஜனவரியில் நுவரெலியாவின் விடியற்காலைக் குளிரில் கொள்ளளவு தற்காலிகமாகக் குறையும். இரவில் பற்றரியை வெளியே வண்டியில் விடாமல் அறைக்குள் வைத்துக்கொண்டால் அது தீரும். கொழும்பில் இதற்கு நேர்மாறான பிரச்சினை: முழுமையாக ஏற்றிய பற்றரியை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவைப்பதைப்போல் அதன் ஆயுளைக் குறைக்கும் செயல் வேறில்லை. நீண்ட நாள் ஓட்டாமல் இருக்கப் போகிறீர்களென்றால் பாதியளவு ஏற்றி, வீட்டின் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள்.

அறிகுறி 6: சார்ஜ் ஏறவில்லை

தோட்ட பங்களாக்களிலும் விடுதிகளிலும் இது நேர்ந்தால் முதலில் பிளக் பொயிண்டைச் சந்தேகியுங்கள். தொலைபேசி சார்ஜரை அதில் செருகிப் பார்த்தாலே தெரிந்துவிடும். வெளிநாட்டிலிருந்து வந்த சார்ஜரின் மீது 230 வோல்ட் என்று அச்சாகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். 110 வோல்டுக்கு மட்டுமானதை இங்கே செருகியிருந்தால் அதன் கதை முடிந்திருக்கும். மலிவான மாற்றுப் பிளக் தளர்வாக உட்கார்ந்து சூடேறுவதும் உண்டு.

மின்சாரம் வருகிறது, சார்ஜர் விளக்கு பச்சையாகவே நிற்கிறது, பற்றரி ஏறவில்லை என்றால், ஏற்றத்திலிருந்து வந்த கையோடு செருகியிருக்கிறீர்களா என்று யோசியுங்கள். சூடான பற்றரி குளிரும்வரை சார்ஜை ஏற்காது. ஏறத்தாழ 40 பாகை செல்சியஸுக்கு மேல் பெரும்பாலானவை மறுத்துவிடும். ஒரு மணி நேரம் நிழலில் வைத்துவிட்டு மீண்டும் முயலுங்கள். செருகுமுனைக்குள் சேறோ ஈரமோ இருந்தால் உலர்ந்த பின்னரே இணைக்க வேண்டும். பிறகு நண்பரின் ஒத்த சார்ஜர். அதற்கும் ஏறாவிட்டால் பற்றரியின் பாதுகாப்புப் பலகை அதைப் பூட்டிவிட்டது. அதை வெளியிலிருந்து “எழுப்பித்” தருவதாகச் சொல்லும் சாதாரண மின்சாதனக் கடைகளிடம் கொடுக்காதீர்கள்.

ஏறுகிறது ஆனால் மெதுவாக ஏறுகிறது என்பது வேறு. 36 வோல்ட், 500 வாட் மணிப் பற்றரிக்கு 4 அம்பியர் சார்ஜர் நாலரை மணி நேரமளவு எடுக்கும்; 2 அம்பியர் சார்ஜருக்கு ஓர் இரவு தேவை.

அறிகுறி 7: செயின் தாவுகிறது அல்லது அறுகிறது

மோட்டரின் விசையும் காலின் விசையும் ஒருசேரச் செயினில் விழுவதால் சாதாரண மலைச் சைக்கிளைவிட இது விரைவில் தேயும். ஒரு குறிப்பிட்ட கியரில் மட்டும் தாவினால் கேபிள் இழுவையைச் சற்றே திருத்துங்கள். எல்லாக் கியர்களிலும் ஒழுங்கின்றி நடந்தால் பின்புறம் நின்று பாருங்கள்: கியர் மாற்றியின் கூடு பற்சக்கரங்களுக்கு இணையாகத் தொங்காமல் உள்ளே சாய்ந்திருந்தால் அது மாட்டப்பட்டுள்ள கொக்கி வளைந்திருக்கிறது. வான் பயணத்தில் வண்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து வைத்ததன் பலன் பெரும்பாலும் இதுவே. அந்தக் கொக்கி வண்டிக்கு வண்டி வேறுபடும் என்பதால், உங்கள் மாதிரிக்குரிய ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைத்திருங்கள். பண்டாரவளையில் போய்த் தேடிக் கிடைக்கும் பொருளன்று அது.

ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது மட்டும் தாவினால் தேய்வுதான். செயின் அளவுகோலை வைத்துப் பாருங்கள்: 11, 12 கியர் செயினை 0.5 சதவீத நீட்சியிலும், 10 கியருக்குட்பட்டதை 0.75 சதவீதத்திலும் மாற்றிவிட வேண்டும். காலம் கடத்தினால் பற்சக்கரத் தொகுதியும் தேய்ந்து, புதிய செயின் அதன்மேல் தாவும். அப்போது இரண்டையும் வாங்க நேரும்.

வழியில் அறுந்துவிட்டால் சேதமான கண்ணியைச் செயின் கழற்றியால் நீக்கி, அதே கியர் எண்ணிக்கைக்குரிய மாஸ்டர் லிங்கைப் போட்டு இணையுங்கள். செயின் குட்டையாகிவிட்டதால் மிகப் பெரிய பற்சக்கரத்துக்குப் போகாதீர்கள். கியர் மாற்றும் கணத்தில் காலின் அழுத்தத்தைச் சற்றுத் தளர்த்தப் பழகாதவர்களின் செயின் மீண்டும் அறும்.

அறிகுறி 8: பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை

மற்றக் கோளாறுகள் பயணத்தைக் கெடுக்கும். இது ஆளைக் கெடுக்கும். 25 கிலோ வண்டி நுவரெலியாவிலிருந்து இறம்பொடைக்கோ எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கோ இறங்கும்போது பிரேக் தாங்கும் வெப்பம் கொழும்பில் ஒருபோதும் சந்திக்காதது. ஆகவே சந்தேகம் எழுந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

*பிடி கைப்பிடிவரை வந்துவிடுகிறது, ஆனால் சற்று முன்புதான் வண்டியைத் தலைகீழாக வைத்துப் பஞ்சர் ஒட்டினீர்கள்:* பிடியின் எண்ணெய்த் தொட்டியில் இருந்த காற்று குழாய்க்குள் புகுந்திருக்கிறது. வண்டியை நிமிர்த்திப் பிடியைப் பல தடவை மெதுவாக அழுத்துங்கள், இறுக்கம் திரும்பிவிடும். திரும்பிவந்தாலும், உள்ளே காற்று இருக்கிறதென்பதை அது காட்டிக்கொடுத்துவிட்டது. அடுத்த பயணத்துக்கு முன் எண்ணெய் மாற்றிக் காற்றை வெளியேற்றக் கொடுங்கள்.

*சில்லு கழன்றிருந்தபோது யாரோ பிடியை அழுத்திவிட்டார்கள்:* பேட்கள் இரண்டும் நெருங்கி டிஸ்க் நுழைய இடமில்லாமல் இருக்கும். டயர் நெம்பும் பிளாஸ்டிக் துண்டால் அவற்றை மெதுவாக விலக்குங்கள். திருகாணித் திறப்பியால் நெம்பினால் பேட் உடையும்.

*நீண்ட இறக்கத்தின் நடுவே பிடிப்புக் குறைந்துகொண்டே போகிறது:* பேட்களும் எண்ணெயும் கொதிநிலைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. நிறுத்தி ஆறவிடுங்கள். டிஸ்க்கின் மீது தண்ணீர் ஊற்றினால் அது நெளியக்கூடும். பிறகு தொடர்ந்து இழுத்துப் பிடிக்காமல், வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் பலமாகப் பிடித்து, வளைவில் விட்டு இறங்குங்கள். ஆறிய பிறகு பேட்டைக் கழற்றிப் பார்த்தால் அதன் முகம் மங்கலாக இல்லாமல் கண்ணாடிபோல் மினுங்கிக்கொண்டிருக்கும். மெல்லிய மணல் தாளில் அந்த மினுக்கத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு, சமதரையில் மிதமான வேகத்திலிருந்து இருபது தடவையளவு பிடித்து விட்டால் பிடிப்புத் திரும்பும்.

*அலறுகிறது, பிடிப்பும் இல்லை:* செயினுக்கு அடித்த எண்ணெய் டிஸ்க்கில் பட்டிருக்கிறது. டிஸ்க்கை மருந்தகத்தில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைக்கலாம். எண்ணெய் ஊறிய பேட்டை மாற்றுவதே முறை. நனைந்த பேட் அலறுவது வேறு. இரண்டு மூன்று தடவை பிடித்தால் அது அடங்கிவிடும்.

*பேட் தேய்ந்துவிட்டது:* ஷிமானோ பேட்டில் உராயும் பொருள் 0.5 மில்லிமீற்றராகக் குறைந்தால் மாற்ற வேண்டும். மலைக்குப் போகுமுன் 1 மில்லிமீற்றரில் இருந்தாலே மாற்றிவிடுவது என் வழக்கம், ஏனெனில் மழையும் மணல் கலந்த சேறும் ரெசின் பேட்டை ஒரே நாளில் தின்றுவிடும். டிஸ்க்கின் தடிப்பு 1.5 மில்லிமீற்றருக்குக் கீழே போனால் அதையும் மாற்றுங்கள்.

எண்ணெய் கசிவு, ஆறிய பின்னும் பஞ்சுபோன்ற பிடி, வெடித்த குழாய் ஆகியவற்றுக்குப் பட்டறையே வழி. அங்கே ஒன்றை மட்டும் வற்புறுத்திக் கேளுங்கள்: மினரல் எண்ணெய்ப் பிரேக்கில் மோட்டார் வாகனங்களின் டொட் திரவத்தை ஊற்றக் கூடாது. அது உள்ளே உள்ள ரப்பர் வளையங்களை ஊதவைத்து முழுத் தொகுதியையும் பாழாக்கிவிடும்.

அறிகுறி 9: டயரில் காற்று நிற்கவில்லை

டியூப் இல்லாத டயர்களில் ஊற்றப்படும் அடைப்புத் திரவம் நம் வெப்பத்தில் இரண்டு மூன்று மாதங்களில் உலர்ந்துவிடும். டயரைக் குலுக்கும்போது சலசலப்புக் கேட்காவிட்டால் திரவம் இல்லை. ஓட்டை தெரிந்தால் அடைப்பானைச் செருகுங்கள், பக்கச்சுவர் கிழிந்திருந்தால் டியூப் போட்டு வீடு திரும்புங்கள்.

அறிகுறி 10: மழைக்குப் பிறகோ ஓடையைக் கடந்த பிறகோ தாறுமாறாக நடக்கிறது

தூறலுக்கும் தெறிக்கும் சேற்றுக்கும் இந்த வண்டிகள் தாங்கும். மோட்டர் மூழ்கும் ஆழத்துக்குத் தாங்கா. நீரில் இறங்கியபின் திரை இமைத்தால் அணைத்து, பற்றரியைக் கழற்றி, தொடுமுனைகளைத் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் ஓர் இரவு விடுங்கள். அதுவரை பொத்தானை அழுத்திப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்ள வேண்டும். சேற்றைக் கழுவ வாகனக் கழுவுமிடத்தின் உயரழுத்த நீரைப் பயன்படுத்தாதீர்கள். மழை செய்யாத சேதத்தை அது செய்துவிடும். மோட்டரிலிருந்து அரைக்கும் ஒலியோ, அச்சின் ஓரத்தில் துரு நிற நீரோ வெளிப்பட்டால் தாங்கிகளுக்குள் (பெயரிங்) நீர் புகுந்துவிட்டது. உடனே கொடுத்தால் தாங்கி மாற்றுவதோடு போகும். ஆறப்போட்டால் மோட்டரையே மாற்ற நேரும்.

அறிகுறி 11: பற்றரி வீங்குகிறது, பயன்படுத்தாமலே சூடாகிறது, இனிப்பு கலந்த இரசாயன வாடை வருகிறது

இங்கே சோதிப்பதற்கு எதுவுமில்லை. பலமாக விழுந்து உறையில் வெடிப்பு ஏற்பட்ட பற்றரியையும் இதே வகையில் சேருங்கள். சார்ஜ் செய்யாதீர்கள், வானுக்குள் ஆட்களோடு ஏற்றாதீர்கள், வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். எரியக்கூடிய பொருளில்லாத திறந்தவெளியில், சீமெந்துத் தரையில் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். புகை வந்தால் தீயணைப்புச் சேவைக்கு 110 இலக்கத்தில் அழையுங்கள்.

மாற்றுப் பற்றரி வாங்குவதில் காலதாமதம் உண்டு என்பதை முன்கூட்டியே கணக்கில் எடுக்க வேண்டும். 160 வாட் மணிக்கு மேற்பட்ட பற்றரியைப் பயணியின் பொதியில் விமானத்தில் கொண்டுவர முடியாது. 2016 ஏப்ரல் முதல் பயணிகள் விமானங்களின் சரக்கறையிலும் தனி லித்தியம் அயன் பற்றரிகள் தடை. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி அனுப்பும் வழி அடைபட்டிருப்பதால், கப்பல் வழியாகவோ சரக்கு விமானத்திலோ வரவழைக்கும் முகவர் மூலமே பெற வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரையான உலர்ந்த மாதங்களில் மேற்கு மலைச் சரிவுகளுக்குப் போகும் எண்ணமிருந்தால், சோர்ந்த பற்றரியைச் சோதிக்கக் கொடுப்பதை ஒக்டோபருக்குப் பின் தள்ளாதீர்கள்.